பாரா தீவு விமான சேவை: கடல் விலகினால்தான் ஓடுபாதை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறது பாரா. சுமார் 1,200 பேர் வாழும் தீவு. கிளாஸ்கோவிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் ஒன்று லோகன்ஏர் நிறுவனத்தின் 19 இருக்கை விமானம், இல்லையென்றால் ஓபன் துறைமுகம் வரை போய் கால்மேக் நிறுவனத்தின் கப்பல். இந்த விமர்சனம் விமானத்தைப் பற்றியது.

மணலில் விமானம் இறங்கும் வீடியோவை நீங்கள் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். கால அட்டவணைப்படி ஓடும் பயணிகள் விமானம், கடல் ஏறி வற்றும் கரையையே ஓடுபாதையாகக் கொண்டு இறங்குவது உலகத்தில் இங்கே மட்டும்தான். அந்த வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு டிக்கெட் எடுப்பவர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. வேறு ஊரில் விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்றால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். பாராவில் மூன்று மணி நேரத்தில் ஓடுபாதையே தண்ணீருக்கு அடியில் போய்விடலாம். இங்கே தாமதத்துக்கும் ரத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் இது அருமையான சேவை. மறந்தால் பணமும் போகும், விடுமுறையும் போகும்.

தீவின் வடபக்கம் ட்ராய் வோர் என்று ஓர் அகன்ற, ஆழமில்லாத விரிகுடா இருக்கிறது. கேலிக் மொழியில் ‘பெரிய கடற்கரை’ என்று அர்த்தம். 1936 முதல் இதுதான் விமான நிலையம். மணலில் மூன்று ஓடுபாதைகள், முக்கோணமாக: 680 மீட்டர், 799 மீட்டர், 846 மீட்டர். தார் கிடையாது, வெள்ளைக்கோடு கிடையாது, விளக்கு கிடையாது. பாதையின் முனைகளில் நட்டிருக்கும் மரக்கம்பங்கள்தான் அடையாளம். இத்தனை சின்ன நிலையத்துக்கு எதற்கு மூன்று பாதை என்று தோன்றும். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் ஏதாவது ஒரு பாதை அதற்கு முகம் கொடுத்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். எதிர்காற்றில் இறங்கினால் தரைவேகம் குறையும், குறைந்த தூரத்தில் வண்டி நிற்கும். பக்கவாட்டுக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை. ஒற்றை ஓடுபாதை வைத்திருக்கும் பல தீவு நிலையங்களுக்கு இந்த வசதி கிடையாது. அட்லாண்டிக் காற்று ஓயாத இடத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

மணலும் கெட்டி. சிப்பித் தூள் கலந்து இறுகிய மணல். இதே கரையில்தான் ஊர்க்காரர்கள் மட்டி பொறுக்குகிறார்கள். விமானம் வருவதற்கு முன் நிலைய ஊழியர்கள் வண்டியில் இறங்கி, எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, கடல் எதையாவது ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறதா என்று பார்த்து வருவார்கள். பெரிய விமான நிலையங்களில் இருப்பதுபோல ‘இறங்கு’, ‘ஏறு’ என்று உத்தரவிடும் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இங்கே கிடையாது. தகவல் சேவைதான். காற்று எப்படி, பாதை எப்படி என்று வானொலியில் சொல்வார்கள். இறங்குவதா திரும்புவதா என்பது விமானியின் முடிவு.

இனி கடல் கணக்கு. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே நேற்று கரை வெறுமையாக இருந்த நேரத்திலிருந்து இன்றைய நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போயிருக்கும். இதனால்தான் பாரா விமானத்தின் புறப்பாட்டு நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. திங்கள்கிழமை பார்த்த நேரத்தை வைத்து வியாழக்கிழமைக்கு வண்டி ஏற்பாடு செய்யாதீர்கள். உங்கள் தேதிக்கு, உங்கள் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் மட்டுமே கணக்கு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே மட்டாக இருக்கும். இதெல்லாம் முன்கூட்டியே கணித்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். ஆகவே எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் பயணி எதுவும் யோசிக்க வேண்டாம். ஒழுங்கு குலையும் நாளில்தான் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கிளாஸ்கோவில் மூடுபனியால் காலை விமானம் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டது என்று வையுங்கள். பாராவுக்கு அது கடல் வற்றிய வேளையின் முற்பகுதியில் போக வேண்டிய விமானம் என்றால் பிழைத்துக்கொள்ளும். பிற்பகுதிக்குப் போட்டது என்றால் அன்றைய கதை முடிந்தது. புறப்படும் நாளுக்கு முன்பே பாராவின் ஏற்றவற்ற அட்டவணையை ஒருமுறை பார்த்து, உங்கள் விமானம் எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை பதற்றம் மிச்சமாகும் என்பது அன்றைக்குப் புரியும்.

குளிர்காலத்தில் இன்னொரு கத்தியும் சேர்ந்து தொங்குகிறது. வெளிச்சம். 57 டிகிரி வட அட்சத்தில் இருக்கும் ஊர். டிசம்பர் கடைசியில் பகல் ஏழு மணி நேரம்கூட இருக்காது. ஓடுபாதையில் விளக்கு இல்லாததால் வழக்கமான சேவை பகலில் மட்டும்தான். கடலும் வற்றியிருக்க வேண்டும், பகலாகவும் இருக்க வேண்டும் என்றால் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறுகும் என்று பாருங்கள். ஜூனில் பகல் 17 மணி நேரத்துக்கும் மேல் நீள்வதால் இந்தத் தொல்லை இல்லை. முதல் முறை போகிறவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை என்று சொல்வதற்கு அழகைவிட இதுதான் முக்கியக் காரணம்.

விமானம் ட்வின் ஓட்டர், டிஹெச்சி-6 வரிசையின் 400 ரகம். கனடாவில் பிறந்த வடிவமைப்பு. இந்தச் சேவைக்கென்றே பொதுப் பணத்தில் வாங்கப்பட்ட இரண்டு புதிய விமானங்கள் 2015இல் ஓடத் தொடங்கின. வழித்தடமே ஸ்காட்லாந்து அரசின் மானியத்தில்தான் நடக்கிறது. டெண்டர் விட்டு ஒரு நிறுவனத்திடம் கொடுக்கிறார்கள். 19 இருக்கையை வைத்துக்கொண்டு சந்தைக் கணக்கில் இதை ஓட்டினால் டிக்கெட் விலையை யாரும் தொட முடியாது. நோயாளி, தபால், மருந்து, கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒரு தீவே இந்தப் பத்தொன்பது இருக்கையை நம்பியிருக்கிறது. சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் அந்த வரிசையில் தாங்களும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டால் நல்லது.

ஏன் இந்த விமானம் மட்டும்? இறக்கை மேலே இருப்பதால் இன்ஜினும் சுழலியும் மணலிலிருந்தும் உப்புநீர்ச் சாரலிலிருந்தும் உயரத்தில் தப்பிக்கின்றன. சக்கரங்கள் உள்ளே மடங்காதவை, ஆகவே மடக்கும் பொறிக்குள் மணலும் உப்பும் புகுந்து சிக்கும் பிரச்சினை இல்லை. 700, 800 மீட்டரில் ஏறி இறங்குவது இதற்குச் சிரமமே இல்லாத வேலை. ஆனாலும் உப்பு சும்மா விடாது; கடற்கரையில் இறங்கிய விமானத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது அன்றாட வேலை. லோகன்ஏரிடம் இருக்கும் ஏடிஆர் மாதிரியான பெரிய விமானங்களை இந்த மணலில் இறக்க முடியாது. இந்தச் சேவையின் மிகப் பெரிய பலவீனமே இதுதான். ட்வின் ஓட்டரில் ஏதாவது பழுது என்றால் ‘வேறு விமானம் அனுப்புங்கள்’ என்று கேட்க வழியில்லை. போதாததற்கு அதே விமானங்கள்தான் கிளாஸ்கோவிலிருந்து டைரீ, கேம்பல்டவுன் பக்கமும் போய் வருகின்றன. அங்கே ஒரு தாமதம் விழுந்தால் அதன் வால் பாராவரை நீளும், பாராவில் கடல் காத்திருக்காது.

உள்ளே ஏறினால் முதலில் குனிய வேண்டும். கூரை உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, நடுவில் ஒடுங்கிய வழி, மறுபக்கம் இரட்டை இருக்கை. தலைக்கு மேல் பை வைக்கும் அலமாரி கிடையாது. கழிப்பறை கிடையாது, பயணம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றாலும் கிளாஸ்கோவிலேயே போய்விட்டு ஏறுவது புத்திசாலித்தனம். பணிப்பெண், தேநீர் வண்டி எதுவும் இல்லை. இரண்டு விமானிகள் மட்டும். அவர்களில் ஒருவர் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, பெல்ட், அவசரக் கதவு பற்றிச் சொல்லிவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொள்வார். முன்வரிசையில் இருப்பவருக்கு அவர்கள் தோளுக்கு மேலாகக் கருவிப் பலகையும் முன்கண்ணாடியும் அப்படியே தெரியும். சத்தம் அதிகம், காதடைப்பான் கொண்டு போங்கள். கேபினில் காற்றழுத்தம் சீராக்கும் வசதி இல்லாததால் விமானம் தாழ்வாகத்தான் பறக்கும். கடுமையான சளி பிடித்திருந்தால் இறங்கும்போது காது வலிக்கும். தாழ்வாகப் பறப்பதில் லாபமும் உண்டு: மேகம் இல்லாத நாளில் முல் தீவின் மலைகளும் இடையில் சிதறிக்கிடக்கும் சின்னத் தீவுகளும் கைக்கெட்டும் தூரத்தில் போகும். இறக்கை மேலே இருப்பதால் பெரும்பாலான ஜன்னலில் கீழே மறைப்பில்லை.

எடை விஷயத்தில் இங்கே தாராளம் கிடையாது, எதிர்பார்க்கவும் கூடாது. விமானத்தின் உச்சப் புறப்பாட்டு எடை 5,670 கிலோ. அதற்குள்தான் விமானம், எரிபொருள், ஆட்கள், பைகள், தபால் எல்லாம். இறங்க முடியாமல் திரும்ப வேண்டி வந்தால் அதற்கான எரிபொருளும் கூடவே இருக்க வேண்டும். வானிலை மோசமான நாளில் அந்தச் சுமை கூடும், பைகளுக்கான இடம் குறையும். அதனால் டிக்கெட்டில் எழுதியிருக்கும் வரம்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ‘ரெண்டு கிலோதானே’ என்ற பேச்சு எடுபடாது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியைவிட மடியக்கூடிய துணிப்பை நல்லது. மருந்து, கண்ணாடி, ஒரு மாற்று உடை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். எடை மிஞ்சும் நாளில் பெரிய பை பின்னால் வர நேரலாம். சைக்கிள் போன்றவை என்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். உட்காரும் இடத்தை மாற்றச் சொன்னாலும் மனத்தாங்கல் வேண்டாம். இவ்வளவு சின்ன விமானத்தில் முன்பாரம் பின்பாரம் பார்க்காமல் முடியாது. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு போனால் 48 மணி நேரம் முன்னதாகவே விமான நிறுவனத்துக்குச் சொல்லி உதவி கேளுங்கள். படிகள் குறுகலானவை, உள்ளே சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை.

இறங்கும் கடைசி இரண்டு நிமிடத்துக்காகவே இந்தப் பயணத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். விமானம் விரிகுடாவின் மேல் சாய்ந்து திரும்பும்போது கீழே கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதன் ஊடே மணலின் வரிகள். எங்கே கடல் முடிகிறது, எங்கே பாதை தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஜன்னலுக்கு வெளியே சக்கரம் தொங்குவது தெரியும். அது மணலைத் தொடும் இடத்தில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் இரு பக்கமும் வெள்ளையாகச் சாரல் விசிறும். தார்ச்சாலையில் இறங்கும்போது வரும் ‘டொம்’ என்ற உதை இல்லை. சரசரவென்று ஒரு உராய்வு, உடனே வேகம் குறைவது மட்டும் தெரியும். பிறகு விமானம் மணலிலேயே உருண்டு நிலையக் கட்டடத்துப் பக்கம் வந்து நிற்கும். படியில் இறங்கினால் காலுக்கடியில் சிப்பித் துண்டுகள். ஈரம் ஒட்டாத காலணி போட்டிருங்கள்.

பை எடுக்கும் இடத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். கட்டடத்துக்கு வெளியே, பஸ் நிறுத்தம் மாதிரி ஒரு சின்னத் தடுப்பு. ஊழியர் வண்டியில் பைகளைக் கொண்டு வந்து வைப்பார், எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். விமானம் நின்ற பத்து நிமிடத்தில் நீங்கள் சாலையில் இருக்கலாம். உள்ளே ஒரு காபிக்கடை இருக்கிறது. விமானம் ஏறுகிறவர்களைவிட ஊர்க்காரர்கள்தான் அங்கே அதிகம். சாப்பாட்டு நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் மழையில் காத்திருக்க அதைவிட நல்ல இடம் தீவின் அந்தப் பக்கத்தில் இல்லை.

தீவின் பெரிய ஊரான காசில்பே சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. டபிள்யூ32 பஸ் இந்தப் பக்கம் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. டாக்ஸி வெளியே வரிசை கட்டி நிற்கும் என்று நம்பி இறங்காதீர்கள், முன்பதிவு செய்யுங்கள். வாடகைக் காரும் அப்படித்தான், எண்ணிக்கை குறைவு, கோடையில் டிக்கெட்டுக்கு முன்பே கார் தீர்ந்துவிடும். முதலில் தங்குமிடம், அடுத்து கார், மூன்றாவதாக விமான டிக்கெட் என்ற வரிசையில் உறுதி செய்வது எங்கள் யோசனை. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள், கோடைகாலத்துப் பத்தொன்பது இருக்கை வாரக்கணக்கில் முன்பே நிரம்பும்.

திரும்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாராவில் பயணிகளுக்கான பாதுகாப்புச் சோதனையை 2017இல் எடுத்துவிட்டார்கள். சந்தோஷமான விஷயம்தான், ஆனால் கிளாஸ்கோவில் இறங்கி வேறு விமானம் பிடிக்கிறவர்கள் அங்கே முழுச் சோதனைக்கும் போய் நிற்க வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்னும் முக்கியம்: லண்டனுக்கோ சென்னைக்கோ போகும் விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால், பாரா விமானம் ரத்தானதற்கு அந்த நிறுவனம் பொறுப்பாகாது. நடுவில் கிளாஸ்கோவில் ஒரு இரவு வையுங்கள். குளிர்காலம் என்றால் இரண்டு.

ரத்துக்கு வரும் காரணங்களில் முதலிடம் தாழ்வான மேகத்துக்கும் மூடுபனிக்கும். கருவிகளின் துணையோடு ஓடுபாதைக்கு அழைத்து வரும் ஐஎல்எஸ் அமைப்பு இங்கே இல்லை. கடல் ஏறி இறங்கும் மணலில் அதற்கான சாதனங்களை எங்கே நடுவது? விமானிக்குக் கரை கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கிளாஸ்கோவுக்கே திரும்பலாம், அல்லது வடக்கே பென்பெகுலாவில் இறக்கலாம். பென்பெகுலாவில் தார் ஓடுபாதை உண்டு. அங்கே இறக்கிவிட்டால் கலங்க வேண்டாம்: சாலை வழியாகத் தெற்கே தென் யூஸ்ட் கடந்து, 2001இல் திறந்த கடற்பாலத்தில் எரிஸ்கே தீவுக்கு வந்து, அங்கிருந்து 40 நிமிடக் கப்பலில் பாராவின் ஆர்ட்வோர் துறைக்கு வரலாம். ஆர்ட்வோர் விமான நிலையத்துக்குப் பக்கம்தான். ஆனால் கடைசிக் கப்பல் நேரம் தெரியாமல் எரிஸ்கேயில் போய் நிற்கக் கூடாது. அதை முந்தின நாளே குறித்து வையுங்கள்.

வானிலையால் ரத்தானால் பிரிட்டிஷ் விதிகளின்படி நஷ்டஈடு கிடைக்காது, அது நிறுவனத்தின் கைமீறிய காரணம். ஆனால் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்குவதா, மாற்றுவழிப் பயணமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மாற்றுப் பயணத்துக்காகக் காத்திருக்கும்போது சாப்பாடு, தேவைப்பட்டால் தங்குமிடம் கேட்கும் உரிமையும் உண்டு. கேட்காமல் சொந்தக் காசில் ஓட்டல் எடுத்துவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் நிறைய. கவுன்டரிலேயே கேளுங்கள், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கப்பலோடு ஒப்பிட்டால்? ஓபனிலிருந்து காசில்பேக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம், கிளாஸ்கோவிலிருந்து ஓபன் வர அதற்கு முன் ஒரு மூன்று மணி நேரம். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். கட்டணம் விமானத்தைவிடக் குறைவு, கார் ஏற்றலாம், மூட்டை எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு போகலாம். குடும்பத்தோடு, கூடாரத்தோடு, ஒரு வாரத்துக்கு என்றால் கப்பல்தான். மூன்று நாள் விடுமுறை, கையில் ஒரு பை என்றால் விமானம். இரண்டுக்கும் பகையாளி வேறு வேறு என்பதையும் சொல்ல வேண்டும்: மூடுபனியில் விமானம் நிற்கும், கப்பல் போகும், பெரிய அலையில் கப்பல் நிற்கும், விமானம் சில நாள் போய்விடும். அதனால் போகும்போது விமானம், வரும்போது கப்பல் என்று ஒருவழி டிக்கெட்டுகளாக எடுப்பது வீண் செலவு இல்லை. நிஜமான புயல் வந்தால் இரண்டுமே நிற்கும், அப்போது அறையை நீட்டிக்கொண்டு உட்காருவதுதான்.

ஏறாமல் பார்க்க மட்டும் ஆசையென்றாலும் வரலாம், கட்டணம் கிடையாது. கப்பலில் வந்தவர்கள் பலர் இதற்காகவே இந்தப் பக்கம் வருகிறார்கள். அன்றைய வருகை நேரத்தைப் பார்த்துவிட்டு அரைமணி முன்னதாக வாருங்கள், நிலையக் கட்டடத்தை ஒட்டிய சாலையோரம் நல்ல இடம். கம்பத்தில் காற்றுப்பை (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) பறந்தால் விமான நிலையம் இயங்குகிறது என்று பொருள். அதுவரை மட்டி பொறுக்கியவர்களும் நாயோடு நடந்தவர்களும் மணலை விட்டு ஏறிவிடுவார்கள். நீங்களும் ஏறிவிடுங்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடாதீர்கள். விமானம் கிளம்பிப் போய், காற்றுப்பையையும் இறக்கிவிட்டால் கரை மறுபடி ஊருக்கு. சக்கரம் போன தடத்தில் நடந்து பார்க்கலாம். அடுத்த ஏற்றம் வரும்வரை அது அங்கேயே இருக்கும்.